ஒருமுறை வந்த எலிக்காய்ச்சல் மறுமுறை வராதா?

வாசகர் கேள்வி: எனது அண்ணா வடமராட்சியில் நெல் விதைப்பவர். 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு அவருக்கு எலிக்காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் நின்று, மூன்று தடவை குருதிச் சுத்திகரிப்புச் செய்துதான் தப்பினார். அதே கிழமை அதே வாய்க்காலில் நின்று வேலை செய்த பக்கத்து வயற்காரருக்கோ நாலு நாள் காய்ச்சலோடு மாறிவிட்டது. இருவருக்கும் வந்தது ஒரே கிருமிதானா? அண்ணாவின் முதலாவது இரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் இல்லை என்று வந்து, பிறகுதான் உண்டு என்று வந்தது. இப்போது அவர், “சின்னமுத்து மாதிரித்தான், ஒருக்கால் வந்தவனுக்குத் திரும்ப வராது” என்று சொல்லி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் மாத்திரையை வாங்க மறுக்கிறார். நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறதாம். மனிதருக்கு ஏன் போடுவதில்லை?

மருத்துவ நுண்ணுயிரியல் நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் அண்ணாவுக்கு எலிக்காய்ச்சல் மீண்டும் வரலாம். அவர் மாத்திரையை எடுக்கத்தான் வேண்டும். கடிதத்தின் மற்றக் கேள்விகளையும் இந்த விடயத்தோடு சேர்த்தே விளக்குகிறேன், ஏனென்றால் அவை எல்லாவற்றிலும் இக்கிருமியின் பல்வகைமை குறுக்கிடுகிறது.

அண்ணா சின்னமுத்துவை உதாரணமாகக் காட்டியது தற்செயலாக நல்ல உதாரணமாக அமைந்துவிட்டது. சின்னமுத்து வைரசு உலகம் முழுவதும் நமது நோய் எதிர்ப்புத் தொகுதியின் கண்ணுக்கு ஒரே முகத்தோடுதான் தெரிகிறது. பருத்தித்துறையில் ஐந்து வயதில் அது வந்து மாறிய ஒருவரை ஐம்பது வயதில் இலண்டனில் அதே நோய் தொற்றப் பார்த்தாலும் அவரது உடல் அதை அடையாளம் கண்டுகொள்ளும். எலிக்காய்ச்சலின் கதை அப்படியல்ல. எலிக்காய்ச்சல் என்று நாங்கள் ஒரே பெயரில் அழைப்பது ஒரு கிருமியை அன்று, லெப்டோஸ்பைரா என்ற ஒரு பெருங்குடும்பத்தின் பல உறுப்பினர்களை. மாம்பழம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் செம்பாட்டானும் வெவ்வேறு என்பது யாழ்ப்பாணத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இந்தக் கிருமியைப் பற்றிய அறிவு எங்களிடம் அந்த அளவுக்கு இன்னும் பரவவில்லை.

சாதாரண நுணுக்குக்காட்டியில் இக்கிருமி தெரியாது, அவ்வளவு மெல்லியது. பின்னணியைக் கறுப்பாக்கி, பொருளின்மீது பக்கவாட்டில் ஒளி விழச் செய்யும் இருள்புல நுணுக்குக்காட்டியில்தான் பார்க்க முடியும். அமாவாசை வானத்தில் வெள்ளி நூல் துண்டுகள் துடித்துக்கொண்டிருப்பது போல அவை தெரியும். ஒவ்வொரு நூலும் நெருக்கமாக முறுக்கப்பட்ட சுருள். முனை கொக்கிபோல வளைந்திருப்பதால் கேள்விக்குறியை ஒத்திருக்கும். அதனால்தான் இக்குடும்பத்தில் மனிதருக்கு அதிகமாக நோய் தரும் இனத்துக்கு, ‘கேள்வி கேட்பது’ என்ற பொருளில், இன்ரறொகான்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பல வருடங்களாகப் பார்த்த பின்னரும் எனக்கு அந்தக் காட்சி அலுக்கவில்லை. ஆனால் இந்த நூல்களைப் பார்த்த மாத்திரத்தில் எது எந்த இனம், எது எந்த வகை என்று எவராலும் சொல்ல முடியாது. நோய் தருவனவும், குளத்து நீரில் யாருக்கும் தீங்கின்றி வாழ்வனவும் ஒரே தோற்றத்திலேயே இருக்கும்.

அவற்றைப் பிரித்தறிய இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, கிருமியின் மேற்போர்வையில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளை வைத்துப் பிரிப்பது. இதன்படி 300இற்கும் மேற்பட்ட சீரோவகைகள் இனங்காணப்பட்டுள்ளன. மற்றது, மரபணுக்களை வாசித்து இனமாகப் பிரிக்கும் புதிய வழி. இதன்படி 60இற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன, அவற்றில் ஒரு பகுதி மாத்திரமே நோய் தருவது. இந்த இரண்டு பிரிப்பும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தால் எங்கள் வேலை எளிதாகியிருக்கும். அவை பொருந்துவதில்லை. மாடுகளில் பரவலாகக் காணப்படும் ஹார்ட்ஜோ என்ற சீரோவகையைப் பாருங்கள். இன்ரறொகான்ஸ் இனத்திலும் ஹார்ட்ஜோ உண்டு, போர்க்பீற்றர்செனியி என்ற வேறோர் இனத்திலும் ஹார்ட்ஜோ உண்டு. தோலைப் பார்த்தால் ஒரே மாம்பழம், ஆனால் காய்த்த மரங்கள் வெவ்வேறு வம்சம். மேற்போர்வையின் சர்க்கரைகளை அமைக்கும் மரபணுக்கள் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியவை என்பதே இதற்குக் காரணம்.

அண்ணாவுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான விடயம் இதுதான். எங்கள் உடல் எலிக்காய்ச்சலை எதிர்த்து உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் அந்த மேற்போர்வைச் சர்க்கரையையே குறிவைக்கின்றன. ஆகவே 2024இல் அவரைத் தாக்கிய சீரோவகையும், அதை நெருங்கியொத்த சிலவும் மீண்டும் வந்தால் அவருக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கலாம். வேறு போர்வை போர்த்த ஒன்று வந்தால், இதுவரை எலிக்காய்ச்சலே வராத ஒருவரின் உடல் எப்படித் தடுமாறுமோ அப்படித்தான் அவரது உடலும் தடுமாறும். காலம் செல்லச் செல்ல, முதலாவது வகைக்கு எதிரான பாதுகாப்பும் தளர்ந்துபோகலாம்.

அப்படியானால் அவரது வயலைச் சுற்றி எத்தனை வகை இருக்கக்கூடும் என்று கேட்பீர்கள். வரம்பில் வளை தோண்டும் அகழானும் வீட்டுக் கூரையில் ஓடும் எலியும் முதலில். அவற்றின் சிறுநீரகக் குழாய்களில் இக்கிருமி குடியிருந்து, எலிக்கு எந்த நோயும் தராமல், அதன் வாழ்நாள் முழுவதும் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டிருக்கும். அடுத்தது மாடு, அறுவடைக்குப் பின் வயலில் மேயவிடுகிற மாடு தனக்குரிய வகையைச் சுமக்கலாம். காவலுக்குக் கூடவரும் நாய் இன்னொன்றைச் சுமக்கலாம். கனிக்கோலா என்ற சீரோவகை நாயைக் கொண்டே அந்தப் பெயரைப் பெற்றது. இத்தனை பிராணிகளின் சிறுநீரும் மழை வெள்ளத்தில் ஒரே வாய்க்காலில் கலக்கிறது. பித்தவெடிப்பு வெடித்த குதிகாலோடு ஒருவர் அதில் இறங்கி நிற்கும்போது, முன்னர் சந்தித்த வகைதான் காலில் ஏற வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. எலிக்காய்ச்சல் என்ற பெயர் வாய்க்கு வசதியாக இருந்தாலும், எலியை மாத்திரம் குற்றவாளியாக்கி மற்றவற்றை மறக்கச் செய்கிறது என்பது எனது நெடுநாள் மனக்குறை.

இலங்கை இந்த விடயத்தில் பின்தங்கிய நாடு அன்று. உலக சீரோவகைப் பட்டியலில் சிலோனிக்கா, லங்கா என்ற பெயர்களே இருக்கின்றன. இந்த மண்ணில் பலவகை இக்கிருமிகள் உலாவுகின்றன என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்த உண்மை. அண்மைக்கால மரபணு ஆய்வுகளிலும் நோயாளரிடமிருந்து இன்ரறொகான்ஸ், போர்க்பீற்றர்செனியி உட்பட ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கிடைத்துள்ளன. 2008இல் நாட்டில் 7,000இற்கும் மேற்பட்டோர் நோயுற்று, 200இற்கும் மேற்பட்டோர் இறந்த பெரும் பரவலை மறக்க முடியாது. வடக்கில் எங்களுக்கு இது தெற்கின் நோய் என்றொரு எண்ணம் இருந்தது. 2024 மார்கழியில் வடமராட்சியிலும் அதைச் சுற்றியும் ஆட்கள் காய்ச்சலோடு வந்து இறந்தபோது, ஆரம்ப நாட்களில் இனந்தெரியாத காய்ச்சல் என்றே ஊரில் பேசப்பட்டது. பின்னர்தான் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது.

சில இடங்களில் ஒரு தனி வம்சமே மேலோங்கிப் பெரும் பரவலை உண்டாக்குவதும் உண்டு. தாய்லாந்தின் வடகிழக்கில் 1999இல் தொடங்கிய பரவலில், 2000ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாட்டில் 14,000இற்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஏழு மரபணுக்களை ஒப்பிடும் முறையில் நோயாளரின் கிருமிகளைப் பரிசோதித்தபோது, அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. வயல்களில் வாழும் பெருச்சாளியிலும் அதே வம்சம் இருந்தது. ஆனால் அந்தப் பரவலின்போதும் மீதிக் கால் பங்கினரைத் தாக்கியவை வேறு வம்சங்கள்தான்.

மரபணு வேறுபாடு என்றால் போர்வையின் நிறம் மாறுவது மாத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. கிருமியின் வாழ்க்கை முறையே அதனால் மாறுகிறது. இன்ரறொகான்சின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 47 இலட்சம் எழுத்துக்கள் நீளமானது. அது நீரிலும் ஈரமண்ணிலும் கிழமைக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில், உயிரோடு இருக்கும். போர்க்பீற்றர்செனியியின் தொகுதி ஏறத்தாழ 39 இலட்சத்துக்குச் சுருங்கிவிட்டது. வெளியில் உயிர் தாங்கத் தேவையான மரபணுக்கள் பலவற்றை அது இழந்துவிட்டதால், பிராணியிலிருந்து பிராணிக்கு நெருங்கிய தொடர்பால் பரவுவதையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. வெள்ளம் வடியாத வயல் முதலாவதற்கு வசதி. மாட்டுத் தொழுவம் இரண்டாவதற்கு வசதி. ஆகவே அண்ணா கவனமாக இருக்க வேண்டிய இடம் வயல் மாத்திரம் அன்று. தொழுவத்தில் சிறுநீரும் சாணமும் அள்ளும் வேலைக்கும் சப்பாத்தும் கையுறையும் வேண்டும்.

இனி உங்கள் பக்கத்து வயற்காரரின் விடயம். ஒரே வாய்க்காலில் நின்ற இருவருக்கு வெவ்வேறு வகை தொற்றியிருக்கலாம். சில சீரோவகைகள், குறிப்பாக எலிகளோடு தொடர்புடையவை, கடும் நோயை அதிகமாக உண்டாக்குகின்றன. ஆனால் இருவருக்கும் ஒரே கிருமியே தொற்றியிருந்தாலும் இப்படி நடக்கலாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உட்புகுந்த கிருமிகளின் தொகை, வயது, ஏற்கெனவே உள்ள நோய்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மருந்து எத்தனையாவது நாளில் தொடங்கியது என்பவையெல்லாம் முடிவை மாற்றும். இத்தொற்று வருவோரில் பெரும்பாலோருக்குச் சாதாரணக் காய்ச்சலும் தசை நோவுமாகவே வந்து போய்விடும். சிலருக்குத்தான் ஈரலும் சிறுநீரகமும் தாக்கப்பட்டு, நுரையீரலில் குருதி கசிந்து, உயிருக்கு ஆபத்தாகும். “பக்கத்து வயலானுக்கு நாலு நாளில் மாறியது, எனக்கும் மாறும்” என்று வீட்டில் கிடப்பது இந்நோயில் மிகவும் ஆபத்தான கணக்கு.

முதலாவது பரிசோதனை ஏன் இல்லை என்று சொன்னது? அப்பரிசோதனை கிருமியைத் தேடுவதன்று, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியைத் தேடுவது. அது குருதியில் போதிய அளவு சேர ஐந்திலிருந்து ஏழு நாள் வரை எடுக்கும். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளில் எடுத்த குருதியில் அது இல்லாதிருப்பது இயல்பு. உறுதிப்படுத்தும் பரிசோதனையைச் செய்யும் விதத்தையும் சொல்கிறேன். ஆய்வுகூடத்தில் வெவ்வேறு சீரோவகைகளை உயிரோடு வளர்த்து வைத்திருப்பார்கள். நோயாளியின் சீரத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்தாக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு துளியோடும் ஒவ்வொரு வகையையும் கலந்து, சில மணித்தியாலங்களின் பின் இருள்புலத்தில் பார்ப்பார்கள். பொருத்தமான பிறபொருளெதிரி இருந்தால், தனித்தனியே நீந்திய வெள்ளி நூல்கள் சிக்குப்பட்ட பஞ்சுபோலத் திரண்டுவிடும். அரைப்பங்கு திரண்டிருக்கும் கடைசி நீர்ப்பு எது என்று குறித்துக்கொள்வார்கள். இரண்டு கிழமை இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் அந்த எண் நான்கு மடங்கு ஏறினால் நோய் உறுதி.

இதிலும் கிருமியின் பல்வகைமை குறுக்கிடுகிறது. நோயாளியைத் தாக்கிய வகையோ அதன் நெருங்கிய உறவோ அந்த ஆய்வுகூடத்தின் வரிசையில் இல்லாவிட்டால், நோய் இருந்தும் விடை இல்லை என்று வரலாம். அதனால்தான் உள்ளூர்க் கிருமிகளை நோயாளரிடமிருந்து பிரித்தெடுத்து வரிசையில் சேர்ப்பது அவ்வளவு அவசியம். ஆனால் இக்கிருமி மற்றப் பற்றீரியாக்களைப் போல ஓர் இரவில் வளர்வதில்லை. கிழமைகள் எடுக்கும், சில மாதிரிகளுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், நுண்ணுயிர்க்கொல்லி ஒரு தடவை ஏற்றிய பின் எடுத்த குருதியில் பெரும்பாலும் வளரவே மாட்டாது. முதற் கிழமையில் கிருமியின் மரபணுவையே தேடும் பீ.சீ.ஆர். பரிசோதனை பயனுள்ளது. எப்படியாயினும், விடை வரும்வரை வைத்தியர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில்லை. முதலாவது விடையை நம்பி மருந்தை நிறுத்தாமல் அண்ணாவுக்குத் தொடர்ந்து கொடுத்தது அவரைக் காப்பாற்றிய காரணங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

தடுப்பூசி பற்றிய கேள்விக்கும் இதே காரணம்தான். கொல்லப்பட்ட முழுக் கிருமியைக் கொண்டு தயாரிக்கும் ஊசி, அதில் சேர்த்த சீரோவகைகளுக்கு எதிராகவே பெரும்பாலும் காக்கும். நாய்களுக்கான ஊசி முதலில் இரண்டு வகைகளைக் கொண்டிருந்தது. வேறு வகைகள் நாய்களைத் தாக்கத் தொடங்கியதும் அது நான்காக விரிந்தது. அதையும் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. சீனா, கியூபா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் மனிதருக்கான ஊசிகள் பயன்படுத்தப்பட்டன, ஆனால் அவை அந்தந்த நாட்டுக்கு முக்கியமான வகைகளை வைத்துத் தயாரிக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றை இறக்கி வடமராட்சியில் போட்டால், இங்குள்ள வகைகளுக்கு அது பயன்படும் என்று உறுதி கூற முடியாது. நோய் தரும் எல்லா இனங்களுக்கும் பொதுவான புரதங்களைக் குறிவைத்து ஊசி தயாரிக்க ஆய்வாளர் முயன்றுவருகிறார்கள். அது கைகூட வேண்டும் என்று நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இவ்வளவும் வாசித்து நீங்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாது. போர்வை நூற்றுக்கணக்கில் மாறினாலும், மருந்து தாக்கும் இடம் மாறுவதில்லை. அண்ணா வாங்க மறுக்கும் மாத்திரையான டொக்சிசைக்கிளின் கிருமியின் புரத உற்பத்தியைத் தடுக்கிறது. பெனிசிலின் அதன் சுவரைக் குலைக்கிறது. இவ்விரு இடங்களும் நோய் தரும் எல்லா வகைகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. மற்றப் பற்றீரியாக்களில் நாம் அஞ்சுகிற மருந்தெதிர்ப்பு இக்கிருமியில் ஒரு மருத்துவப் பிரச்சினையாக எழவில்லை. ஆகையால் இலண்டனில் வந்த எலிக்காய்ச்சலுக்கும் கரவெட்டியில் வந்ததற்கும், முதலாம் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும், மருந்து ஒன்றே. உடலின் நினைவு ஒரு வகைக்கு மாத்திரம் காவல் நிற்கும்; மாத்திரை அந்த வேறுபாட்டைப் பார்க்காது. 1982இல் பனாமாவின் காட்டில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படையினரில் ஒரு பாதியினருக்குக் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தபோது, வெற்று மாத்திரை குடித்தோரில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்து குடித்தோரில் ஒருவருக்கு மாத்திரமே வந்தது.

ஆகவே அண்ணாவிடம் இப்படிச் சொல்லுங்கள். காலபோக வேலைக்காகச் சேற்றில் இறங்க முன்னரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிந்து, அவர்கள் சொல்லும் அளவில் கிழமைக்கொரு தடவை மாத்திரையை எடுக்க வேண்டும். தண்ணீரில் நிற்கும் காலம் முழுவதும் அதைத் தொடர வேண்டும். சாப்பாட்டுக்குப் பின், ஒரு பெரிய குவளை தண்ணீரோடு, நிமிர்ந்திருந்து விழுங்கி, உடனே படுக்காதிருப்பது நல்லது, இல்லாவிட்டால் தொண்டைக்குழாயில் எரிவு வரும். பாலோடும், இரும்புச் சத்து மாத்திரையோடும், வயிற்றெரிவு மருந்தோடும் சேர்த்து எடுத்தால் உடல் அதைச் சரியாக உறிஞ்சாது. இம்மருந்து குடிக்கும்போது வெயில் தோலைச் சற்று அதிகமாகச் சுடும், எனவே முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும். அவருக்குச் சிறுநீரகம் ஒருமுறை பாதிக்கப்பட்டதால், சிகிச்சை பெற்ற கிளினிக்கில் இதை ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். பொதுவாகச் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கும் டொக்சிசைக்கிளின் கொடுக்கக்கூடிய மருந்துதான். வீட்டில் கர்ப்பிணியோ சிறு பிள்ளையோ இருந்தால் அவர்களுக்கு இந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம்.

மாத்திரை எடுத்தும் காய்ச்சல் வந்தால், அதுவும் கெண்டைக்கால் சதை தொடமுடியாமல் நோகிற, கண் சிவந்த காய்ச்சல் என்றால், இரண்டாம் நாளைத் தாண்டவிடாமல் வைத்தியசாலைக்குப் போகட்டும். டைக்ளோபினாக் போன்ற நோமாத்திரைகளைத் தானாக வாங்கிக் குடிப்பது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். பரசிற்றமோல் மாத்திரம் போதும். போகும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய், “எனக்கு முன்னம் எலிக்காய்ச்சல் வந்தது, இப்போதும் வயலில்தான் வேலை” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பு வந்தது என்பதைக் கேட்டு எவராவது இம்முறை எலிக்காய்ச்சலாக இராது என்று நினைத்தால், நீங்கள் மேலே வாசித்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். பழைய பிறபொருளெதிரி குருதியில் மீதமிருக்கலாம் என்பதால், ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்யாமல், இரண்டு கிழமை கழித்து இரண்டாவது மாதிரியும் கொடுக்கும்படி கேட்பார்கள். குணமாகி வீடு வந்த பின்னும் அதற்காக ஒருநாள் போய்வர அவர் மறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.